விற்பனை வரியில் ஒரு பங்கைத் துப்பாக்கிப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் நிற்குமா?

#1 வேலு_லான்சிங்

அமெரிக்க மாநிலங்களில் இந்த யோசனை ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் விற்பனை வரியை எடுத்து, பூட்டு வாங்கிக் கொடுப்பது, பள்ளிப் பாதுகாப்பு, வன்முறைத் தடுப்பு, தற்கொலைத் தடுப்பு என்று செலவழிக்கலாம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பேசுகிறவர்கள் மூன்று வேறு விஷயங்களை ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள்.

ஏற்கெனவே வசூலாகும் பொது விற்பனை வரியில் ஒரு பங்கைப் பிரித்து வைப்பது ஒரு வழி. துப்பாக்கிக்கு மட்டும் புதிதாக எக்சைஸ் வரி போடுவது இன்னொரு வழி. பூட்டுக்கும், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியான சேஃபுக்கும் விற்பனை வரியே வேண்டாம் என்று விட்டுவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் சட்டம் வேறு, கணக்கு வேறு, கெட்டுப்போகும் இடமும் வேறு.

எந்த வழியில் பணம் உண்மையில் கைக்கு வரும், எது கோர்ட்டில் விழும், வந்த பணத்தை எதில் போட்டால் உயிர் மிஞ்சும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். துப்பாக்கி உரிமை சரியா தவறா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

#2 கணக்குப்பிள்ளை

முதல் வழியில் முதல் முட்டுக்கட்டை: துப்பாக்கியிலிருந்து எவ்வளவு விற்பனை வரி வந்தது என்பது மாநிலத்துக்கே தெரியாது.

கடைக்காரர் மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒரு ரிட்டர்ன் போடுகிறார். அதில் மொத்த விற்பனை, விலக்கு பெற்ற விற்பனை, வரிக்குரிய தொகை, உள்ளூர் வாரியாகப் பங்கு, இவ்வளவுதான் இருக்கும். எந்தப் பொருள் எவ்வளவுக்கு விற்றது என்று ஒரு குறிப்புகூட இருக்காது. விளையாட்டுச் சாமான் கடையில் கூடாரமும் மீன் தூண்டிலும் தோட்டாவும் ஒரே எண்ணுக்குள் போய்விடும். ஆகவே "துப்பாக்கி மீதான விற்பனை வரி முழுவதும் இந்த நிதிக்கு" என்று மசோதாவில் எழுதினால் வருவாய்த்துறை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

இதைச் சுற்றிப் போன மாநிலங்கள் உண்டு. விஷயம் துப்பாக்கி அல்ல, ஆனால் வழிமுறை இதுதான்.

மிசௌரி 1976இல் வாக்காளர் ஒப்புதலோடு பொது விற்பனை வரியில் 1 சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கைக் கூடுதலாக்கி, வனவிலங்குப் பாதுகாப்புக்கென அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. 100 டாலர் விற்பனைக்கு 12.5 சென்ட். எந்தப் பொருள் என்ற கேள்வியே எழாது. ஆர்கன்சா 1996இல் அதே அளவில் பின்பற்றியது.

வர்ஜீனியாவின் வழி வேறு. வேட்டை, மீன்பிடி, வனவிலங்கு பார்ப்பதற்கான சாதனங்களுக்கு மக்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்று மத்திய மீன்-வனவிலங்குத் துறை எடுக்கும் சர்வேயை வைத்து மதிப்பிட்டு, அதில் 2 சதவீத வரிக்குச் சமமான தொகையை வனவிலங்கு நிதிக்கு மாற்றும் ஏற்பாடு 1998இல் வந்தது. உச்சவரம்பு 1.3 கோடி டாலர்.

டெக்சஸ்தான் பாடம். விளையாட்டுச் சாமான் விற்பனை வரியின் மதிப்பீட்டுத் தொகை பூங்காக்களுக்கு என்று 1993இலேயே சட்டம் வந்தாகிவிட்டது. ஆனால் சட்டமன்றம் பட்ஜெட் போடும்போது முழுத் தொகையைக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2019இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பில் ஏற்றிய பிறகுதான் அந்த ஓட்டை அடைந்தது. சாதாரணச் சட்டத்தில் "ஒதுக்கப்படும்" என்று இருப்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

#3 டென்வர்_நிலா

இரண்டாவது வழியில் இப்போது பார்க்க இரண்டு மாநிலங்கள் இருக்கின்றன.

கலிஃபோர்னியாவின் ஏபி 28 சட்டம். 2023 செப்டம்பரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டார், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. துப்பாக்கி, அதற்கான முன்னோடிப் பாகங்கள் (துப்பாக்கியாக முடிக்கக்கூடிய அரைகுறைப் பாகங்கள்), தோட்டா ஆகியவற்றின் சில்லறை விற்பனையில் 11 சதவீதம். சட்டப்படி வரி கட்ட வேண்டியவர் டீலர்தான். அவர் விலையில் ஏற்றிக்கொள்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. காலாண்டு விற்பனை 5,000 டாலருக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. போலீசாருக்கு, ஓய்வு பெற்ற போலீசாருக்கு விற்றாலும் இல்லை.

பணம் தனி நிதியில் விழுகிறது. அங்கிருந்து வரிசைப்படி இறங்குகிறது: முதல் 7.5 கோடி டாலர் கால்விப் எனப்படும் வன்முறைத் தடுப்பு மானியங்களுக்கு, அடுத்த 5 கோடி பள்ளிப் பாதுகாப்புக்கு, அதற்குப் பிறகுதான் கோர்ட் உத்தரவின்படி துப்பாக்கியை ஒப்படைக்கவைக்கும் திட்டம், பாதிக்கப்பட்டோர் உதவி மற்றவை. சட்டம் வந்தபோது ஆண்டுக்கு ஏறத்தாழ 16 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள்.

கொலராடோவில் புதிய வரி என்றால் மக்களிடம் போயே ஆக வேண்டும், 1992இன் டேபர் விதி. 2024 நவம்பரில் 'கேகே' முன்மொழிவு ஏறத்தாழ 54 சதவீத வாக்கோடு நிறைவேறி, 2025 ஏப்ரல் 1 முதல் 6.5 சதவீதம். வாக்குச்சீட்டிலேயே 3.9 கோடி டாலர் என்று அச்சிட்டிருந்தார்கள். பங்கீடு: குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சேவைகளுக்கு 3 கோடி, முன்னாள் படைவீரர் மனநலத்துக்கு 50 லட்சம், இளையோர் மனநல நெருக்கடி உதவிக்கு 30 லட்சம், பள்ளிப் பாதுகாப்புக்கு 10 லட்சம். ஆண்டுக்கு 20,000 டாலருக்குக் கீழ் விற்கும் வியாபாரிக்கு விலக்கு உண்டு.

இரண்டிலும் பட்டியலை உற்றுப் பாருங்கள். வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பூட்டி வைக்கப் பூட்டு வாங்கிக் கொடுப்பது என்பது வரிசையின் தலையில் எங்கேயும் இல்லை. "துப்பாக்கிப் பாதுகாப்பு வரி" என்று பெயர் சொல்லி ஓட்டு கேட்டால், பணம் பெரும்பாலும் சம்பவம் நடந்த பிறகான உதவிக்குப் போகிறது. கொலராடோவில் அதற்குக் காரணம் இருக்கிறது. குற்ற அபராதங்களிலிருந்து வரும் மத்திய அரசின் வோக்கா நிதி சுருங்கி, அந்தச் சேவைகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. ஓட்டையை அடைக்கக் கிடைத்த கல் இது.

#4 கவுண்ட்டர்_பாண்டி

நிலா, "விலையில் ஏற்றிக்கொள்வார்" என்பதோடு கதை முடியவில்லை.

மூல வரியே ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், 1937. நீளத் துப்பாக்கி, தோட்டாவுக்கு 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர் மத்திய அரசுக்குக் கட்டுகிறார். அதற்கு மேல் கலிஃபோர்னியா 11. அதற்கும் மேல் விற்பனை வரி, குறைந்தபட்சம் 7.25. 600 டாலர் கைத்துப்பாக்கி என்றால் மாநில எக்சைஸ் மட்டும் 66 டாலர். அதே துப்பாக்கிக்கு கொலராடோவில் 39.

மக்கள் என்ன செய்வார்கள்? கைத்துப்பாக்கியை வேற்று மாநில டீலரிடம் நேரடியாக வாங்கிக்கொண்டு வர முடியாது. 1968 மத்தியச் சட்டப்படி அது சொந்த மாநில லைசென்ஸ் டீலர் வழியாகத்தான் கைக்கு வரும். ரைஃபிள், ஷாட்கன் அப்படியில்லை, இரு மாநிலச் சட்டமும் இடம்கொடுத்தால் பக்கத்து மாநிலக் கடையிலேயே வாங்கலாம். தோட்டா இன்னும் சுலபம். கலிஃபோர்னியா வெளியிலிருந்து கொண்டுவரத் தடை போட்டிருக்கிறது, கொலராடோவில் வயோமிங் எல்லை வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவ் போதும். ஆக, கசியும் வரிசை: தோட்டா, நீளத் துப்பாக்கி, கடைசியில் கைத்துப்பாக்கி. வருவாய் மதிப்பீடு போடுகிறவர்கள் மூன்றுக்கும் ஒரே கசிவு விகிதம் போட்டால் அங்கேயே பிழை.

நகர அளவில் இது இன்னும் மோசம். சியாட்டில் 2016 ஜனவரியிலிருந்து ஒரு துப்பாக்கிக்கு 25 டாலர், ஒரு தோட்டாவுக்கு 5 சென்ட், 22 காலிபரும் அதற்குக் கீழும் 2 சென்ட் என்று வசூலிக்கிறது. எதிர்பார்த்தது ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சம் டாலர். முதல் ஆண்டில் வந்தது ஏறத்தாழ 1 லட்சத்து 4 ஆயிரம். நகர எல்லையைத் தாண்டினால் வரி இல்லை என்றால் கடையும் தாண்டும், வாடிக்கையாளரும் தாண்டுவார்.

#5 சட்டமணி

கோர்ட் பக்கம் நான்.

சியாட்டில் வரியை எதிர்த்தவர்கள் சொன்னது: வாஷிங்டன் மாநிலச் சட்டம் துப்பாக்கியை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நகரங்களிடமிருந்து எடுத்துவிட்டது, இது வரி வேஷம் போட்ட ஒழுங்குமுறை. மாநில உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் 8-1 என்று நகரத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது. முதன்மை நோக்கம் பொதுநலச் செலவுக்குப் பணம் திரட்டுவது, ஆகவே இது வரிதான்.

குக் கவுண்டியில், சிகாகோ இருக்கும் கவுண்டி, நேர் எதிர். அங்கே 2013 முதல் துப்பாக்கிக்கு 25 டாலர், 2016 முதல் தோட்டாவுக்கும். இலினாய் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அதைத் தள்ளிவிட்டது. துப்பாக்கி வன்முறையின் செலவை ஈடுசெய்ய என்று சொல்லிக்கொண்டு, துப்பாக்கி வரியைப் பொதுப் பணத்தில் கொட்டியிருந்தார்கள், தோட்டா வரியும் துப்பாக்கி வன்முறைக்கென்றே ஒதுக்கப்படவில்லை. சொன்ன நோக்கத்துக்கும் வரிக்கும் போதிய தொடர்பு இல்லை, வரி எல்லாருக்கும் சீராக இருக்க வேண்டும் என்ற மாநில அரசியலமைப்பின் சீர்மை விதிக்கு முரண் என்றது கோர்ட். அடுத்த மாதமே கவுண்டி விதியைத் திருத்தி வருவாயைத் துப்பாக்கி வன்முறைத் தடுப்புத் திட்டங்களுக்கு என்று எழுதியது.

மசோதா எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாஷிங்டனில் "இது பணம் திரட்டத்தான்" என்று காட்ட வேண்டியிருந்தது. இலினாயில் "இந்தப் பணம் இந்த வேலைக்குத்தான்" என்று காட்ட வேண்டியிருந்தது. தனி நிதி, செலவு வரிசை, கட்டாய அறிக்கை மூன்றும் இருந்தால் இரண்டு கேள்விக்கும் பதில் கையில் இருக்கும். கலிஃபோர்னியா அப்படித்தான் கட்டியிருக்கிறது. ஆனாலும் 2024 ஜூலையிலேயே வழக்கு வந்துவிட்டது.

அந்த வழக்குகளின் நரம்பு வேறு: அரசியலமைப்பு காக்கும் உரிமைக்கு மட்டும் தனியாக வரி போடலாமா? 1983இல் மினசோட்டா மாநிலம் பத்திரிகைத் தாளுக்கும் அச்சு மைக்கும் மட்டும் போட்ட வரியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம், எல்லாருக்கும் பொதுவான வரி இருக்க, ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்தது. துப்பாக்கி வழக்குகளில் இந்த வாதம் திரும்பத் திரும்ப வரும். துப்பாக்கிச் சட்டம் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2022இல் நியூயார்க் வழக்கில் வந்த அளவுகோலும் சேர்ந்துகொண்டது. மறுபக்கம், பிட்மன்-ராபர்ட்சன் 80 ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது, அதுவே வரலாறு என்பது மாநிலத்தின் பதில். 11 என்ற எண்ணைக் கலிஃபோர்னியா சும்மா எடுக்கவில்லை.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. விற்பனை வரி விதிகளை ஒரே மாதிரியாக்கப் பல மாநிலங்கள் சேர்ந்து செய்த விற்பனை வரி ஒருமைப்பாட்டு ஒப்பந்தத்தில் உறுப்பினராக இருக்கும் மாநிலம், பொருளுக்குப் பொருள் வேறு வேறு மாநில விற்பனை வரி விகிதம் வைக்க முடியாது, உணவு, மருந்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர. மிச்சிகன், மினசோட்டா, வாஷிங்டன் எல்லாம் உறுப்பினர்கள். ஆகவே "துப்பாக்கிக்கு மட்டும் விற்பனை வரி 6க்குப் பதில் 9" என்ற மசோதா அங்கே செல்லாது. தனி எக்சைஸாகத்தான் எழுத வேண்டும், தனி ரிட்டர்னோடு.

#6 வேலு_லான்சிங்

அப்படியானால், எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி விழும் பொது விற்பனை வரியிலிருந்து பங்கு எடுப்பதுதான் கோர்ட்டில் பத்திரம், இல்லையா மணி சார்? புதிய வரியே இல்லை, உரிமைக்குத் தனி வரி என்ற வாதத்துக்கு இடமே இல்லை.

#7 சட்டமணி

அந்த வாதத்துக்கு இடமில்லை, சரி. ஆனால் உங்கள் ஊரிலேயே வேறு சுவர் நிற்கிறது வேலு சார். மிச்சிகனின் 6 சதவீதத்தில், 1994இல் சேர்த்த 2 சதவீதம் முழுவதும் பள்ளி உதவி நிதிக்கு. மீதி 4 சதவீத வசூலில் நூற்றுக்கு 60 பங்கு அதே நிதிக்கு, 15 பங்கு நகரங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும். இதெல்லாம் அரசியலமைப்பில் இருப்பது. சட்டமன்றம் தொடக்கூடியது அந்த 4 சதவீதத்தில் மிஞ்சும் கால் பங்கை மட்டும், அதிலும் வேறு சட்டங்கள் கை வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு 40 கோடி டாலருக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீதம் 2.4 கோடி. ஆனால் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 40 கோடியில் 1 சதவீதம், 40 லட்சம். மேடையில் 2.4 கோடி என்று பேசிவிட்டு மசோதாவில் 40 லட்சத்தோடு நிற்க வேண்டியிருக்கும்.

#8 தாமரைச்செல்வி

40 லட்சம் வந்தாலும் என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

2023இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் தற்கொலை ஏறத்தாழ 27,300. பத்தில் கிட்டத்தட்ட ஆறு. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை, மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அந்த நெருக்கடியான நேரத்தில் துப்பாக்கி கைக்கு எட்டுகிறதா என்பதுதான் வித்தியாசம். துப்பாக்கியைப் பூட்டி, குண்டு இறக்கி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைத்த வீடுகளில் பிள்ளைகள், பதின்ம வயதினரின் தற்கொலையும் விபத்தும் குறைவு என்று 2005இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. நான்கும் தனித்தனியாகவே பயன் தந்தன: பூட்டுவது, குண்டு இறக்குவது, தோட்டாவைப் பூட்டுவது, தோட்டாவை வேறு இடத்தில் வைப்பது.

ஆகவே செலவு வரிசையை நான் எழுதினால் இப்படி வரும். மொத்தமாக வாங்கினால் சில டாலருக்குள் கிடைக்கும் கேபிள் பூட்டு, மருத்துவமனை அவசரப் பிரிவிலும் குழந்தை மருத்துவர் அறையிலும் வருகிறவரோடு பேசிவிட்டுக் கையில் கொடுப்பது. அந்தப் பேச்சை நடத்த நர்சுகளுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி. பிறகு தற்காலிகமாகத் துப்பாக்கியை வெளியே வைக்க இடம்: டீலர், ஷூட்டிங் ரேஞ்ச், போலீஸ் நிலையம். கொலராடோவில் அப்படி ஏற்றுக்கொள்ளும் இடங்களின் வரைபடமே இருக்கிறது. அங்கே தடை பெரும்பாலும் பணம் அல்ல, திருப்பிக் கொடுக்கும்போது பின்னணிச் சோதனை வேண்டுமா, கொடுத்த பிறகு ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருக்கு என்ற பயம். மசோதாவில் பொறுப்பு விலக்கு ஒரு பத்தி எழுதினால் ஒரு டாலர் செலவில்லாமல் கடைகள் முன்வரும்.

பூட்டை மேஜையில் குவித்து "எடுத்துக்கொள்ளுங்கள்" என்றால் பாதி பூட்டு டிராயரில் தூங்கும். பேசிக் கொடுத்தால்தான் பூட்டு துப்பாக்கியில் ஏறும்.

#9 கவுண்ட்டர்_பாண்டி

செல்வி மேடம் சொல்வது சரி, ஆனால் டெண்டரில் "கேபிள் பூட்டு 10,000" என்று எழுதி நிறுத்தாதீர்கள். எந்தத் துப்பாக்கிக்கு எப்படி ஏறும் என்று கொடுக்கிறவருக்கே தெரியாவிட்டால் வீண்.

அரைத்தானியங்கி பிஸ்டல்: மேகசினை (தோட்டா அடுக்கிய உறையை) கழற்று, மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்து, சேம்பரில் (சுடும் தோட்டா உட்காரும் அறையில்) தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார். கேபிளை மேலே ஓடு வெளியேறும் வாய் வழியாக விட்டு, கீழே மேகசின் நுழையும் குழி வழியாக எடுத்துப் பூட்டு. இனி மேகசினும் ஏறாது, ஸ்லைடும் மூடாது. ரிவால்வர்: சிலிண்டரை வெளியே சாய்த்து, அது உட்காரும் இடைவெளி வழியாகக் கேபிள், மூடவே முடியாது. பம்ப் ஷாட்கன்: ஆக்‌ஷனைத் திறந்து, பக்கவாட்டு வாயில் விட்டு, அடியில் தோட்டா ஏற்றும் வாயில் எடு. போல்ட் ரைஃபிளில் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

டிரிகர் பூட்டு தனிக் கதை. குண்டு ஏற்றிய துப்பாக்கியில் அதை மாட்டவே கூடாது, மாட்டும்போதே குறுக்குக் கம்பி டிரிகரை அழுத்தலாம். லீவர் ரைஃபிளில் சரியாக உட்காராது. இலவசமாகக் கொடுக்கிற பூட்டு ஒரே வகைதான் என்றால் கேபிளே கொடுங்கள்.

கேபிள் பூட்டு திருட்டைத் தடுக்காது, இதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். கம்பி வெட்டும் கட்டர் போதும். பிள்ளையின் கை, குடிபோதை, அந்தப் பத்து நிமிட ஆவேசம், இவற்றுக்குத்தான் அது. சாவியைத் துப்பாக்கி இருக்கும் அதே டிராயரில் போட்டால் அதுவும் இல்லை.

சேஃபுக்கு மானியம் என்றால் எது சேஃப் என்று எழுதுங்கள். கலிஃபோர்னியா நீதித்துறை அளவு: குறைந்தது அரை அங்குலத் தடிமனில் மூன்று எஃகுத் தாழ்க்கம்பி, ஒற்றைச் சுவர் என்றால் 12 கேஜ் (தகட்டுத் தடிமன் அளவு) எஃகு, கதவு 7 கேஜ் தகடு, 10,000 சேர்க்கைகளாவது வரும் நம்பர் பூட்டு. அல்லது யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தின் சான்று. வாஷிங்டன் மாநில விலக்கில் துப்பாக்கி வைக்கவென்றே செய்த, பூட்டக்கூடிய பெட்டி எதுவும் போதும். முதலாவது திருடனுக்காக, இரண்டாவது பிள்ளைக்காக. எதற்குப் பணம் என்று முடிவெடுக்காமல் விவரக்குறிப்பு எழுதினால் 300 டாலர் பெட்டிக்கான மானியம் 2,000 டாலர் பெட்டி வாங்குகிறவர் பைக்குப் போகும்.

#10 கணக்குப்பிள்ளை

மூன்றாவது வழியைப் பாண்டி அண்ணே தொட்டுவிட்டார், அதையும் பார்த்துவிடுவோம்.

வாஷிங்டனில் துப்பாக்கி சேஃபுக்கு விற்பனை வரி இல்லை. டென்னசி 2023 சிறப்புக் கூட்டத்தொடரில் சேஃபுக்கும் பாதுகாப்புச் சாதனங்களுக்கும் விலக்கை நிரந்தரமாக்கியது. மிச்சிகன் 2023இல் கட்டாயப் பூட்டுச் சட்டத்தோடு சேர்த்து 2024 டிசம்பர் 31 வரை என்று தற்காலிக விலக்கு கொடுத்தது. கடைக்குச் சுலபம், பொருள் குறியீட்டை மாற்றினால் போதும். படிவம் இல்லை, மானியக் குழு இல்லை.

ஆனால் யாருக்குப் பயன்? டென்னசியில் மாநில வரி 7, உள்ளூர் வரி அதிகபட்சம் 2.75, மொத்தம் 9.75. 30 டாலர் பூட்டு வாங்குகிறவருக்கு மிச்சம் 2.93. 2,000 டாலர் சேஃப் வாங்குகிறவருக்கு 195. எப்படியும் வாங்கியிருப்பவருக்குத்தான் பெரிய பங்கு. வர்ஜீனியா அதைவிட ஒரு படி மேல்: 300 டாலர் வரை வருமான வரிக் கழிவு, மத்திய லைசென்ஸ் டீலரிடம் வாங்கியிருக்க வேண்டும், மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் உச்சம். உச்சவரம்பு இருப்பதால் பட்ஜெட் பாதுகாப்பு. ஆனால் வருமான வரி கட்ட வேண்டிய அளவுக்குச் சம்பாதிக்காதவருக்கு ஒன்றும் கிடைக்காது, கழிவு ரொக்கமாகத் திரும்பாது.

எதிர்த் திசையும் உண்டு. ஃபுளோரிடா 2025 செப்டம்பர் 8 முதல் டிசம்பர் 31 வரை துப்பாக்கிக்கும் தோட்டாவுக்குமே விற்பனை வரி விடுமுறை கொடுத்தது. அங்கே "துப்பாக்கி விற்பனை வரியில் பங்கு" என்று ஒரு நிதி இருந்திருந்தால் அந்தக் காலாண்டில் அதன் கணக்கில் பூஜ்யம்தான்.

#11 டென்வர்_நிலா

வருவாய் ஏறி இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எஃப்பிஐ பின்னணிச் சோதனை எண்ணிக்கை 2019இல் 2.84 கோடி, 2020இல் 3.97 கோடி, 2021இல் 3.89 கோடி, 2022இல் 3.16 கோடி, 2023இல் 2.99 கோடி. சோதனை என்றால் விற்பனை என்று அர்த்தமில்லை, லைசென்ஸ் புதுப்பிப்பும் அதில் வரும். ஆனாலும் வளைவு அதேதான். தேர்தல், கலவரம், தொற்று, புதுச் சட்டம் வரப்போகிறது என்ற வதந்தி, எதுவும் விற்பனையைத் தூக்கும். பிறகு விழும். வன்முறைத் தடுப்புப் பணியாளரின் சம்பளத்தை இதில் கட்டி வைத்தால் அவர் வேலை வதந்தியைச் சார்ந்திருக்கும்.

#12 கணக்குப்பிள்ளை

அதனால்தான் நான் இரண்டாகப் பிரிக்கச் சொல்வது. ஆடுகிற பணத்தில் ஒருமுறைச் செலவு: பூட்டு, சேஃப், பயிற்சி வகுப்பு, பள்ளிக் கதவு, ரேஞ்ச் சீரமைப்பு. நிற்கிற பணத்தில் ஆட்கள். தெருவில் சண்டையை விலக்கும் பணியாளருக்கு ஒரு வட்டாரத்தில் பெயர் வரவே காலம் பிடிக்கும். ஒரு வருடம் பணம் நின்றால் அவர் போய்விடுவார், பெயரும் போய்விடும். அவருடைய சம்பளம் பொது விற்பனை வரியின் சிறு பங்கிலோ, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டிலோ இருக்க வேண்டும். கனெக்டிகட், இலினாய் 2021இல் வன்முறைத் தடுப்புச் சேவைக்கு மெடிகெய்டில் வழிசெய்தன. மாநிலம் போடும் டாலரோடு மத்திய டாலரும் சேரும்.

மசோதாவில் விட்டுப்போகும் வாசகங்களையும் சொல்லிவிடுகிறேன். நிதி "சட்டமன்றம் ஒதுக்கும்போது" கிடைக்குமா, அல்லது தொடர் ஒதுக்கீடா? முதலாவது என்றால் டெக்சஸ் கதை. ஆண்டு முடிவில் மிச்சம் பொது நிதிக்குத் திரும்புமா, நிதியிலேயே தங்குமா? தங்க வேண்டும். இந்த ஆண்டு எதிர்பார்ப்பைச் செலவழிக்காமல், போன ஆண்டு உண்மையில் வசூலானதை இந்த ஆண்டு செலவழிக்க வேண்டும். சியாட்டில் மாதிரி மூன்றில் ஒரு பங்குதான் வந்தாலும் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்காது.

#13 சட்டமணி

மாற்றீட்டுத் தடையையும் சேருங்கள். புது நிதி வந்ததும் பழைய பொது நிதி ஒதுக்கீட்டை அமைதியாக வெட்டுவது எல்லா மாநிலத்திலும் நடக்கிறது. "இந்த நிதி ஏற்கெனவே உள்ள ஒதுக்கீட்டுக்குக் கூடுதலாக" என்று எழுதினால் மட்டும் போதாது, அதற்கு அடுத்த சட்டமன்றம் கட்டுப்படாது.

பல் உள்ள உதாரணம் பிட்மன்-ராபர்ட்சனில் இருக்கிறது. வேட்டை லைசென்ஸ் கட்டணத்தை வனவிலங்குத் துறையைத் தவிர வேறு எதற்கும் திருப்பினால் அந்த மாநிலத்துக்கு இந்த வரியிலிருந்து வரும் மத்தியப் பணம் கிடையாது. அதனால்தான் கை வைக்கத் தயங்குகிறார்கள். மாநில மசோதாவில் அதற்கு இணையானது: அடிப்படை ஆண்டு ஒன்றைக் குறித்து, அந்த ஆண்டின் பொது நிதி ஒதுக்கீட்டுக்குக் கீழே போனால் நிதியிலிருந்து பணம் விடுவிக்கப்படாது என்று கன்ட்ரோலருக்கு உத்தரவு.

பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தில் துப்பாக்கிப் பாதுகாப்புக்கு ஏற்கெனவே பணம் இருப்பதையும் மறந்துவிடுகிறோம். வேட்டைப் பாதுகாப்புக் கல்விக்கு மத்தியம் 75, மாநிலம் 25. பொது ஷூட்டிங் ரேஞ்சுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 90க்கு 10. மாநிலப் பங்கு கட்ட ஆளில்லாமல் திட்டம் தள்ளிப்போகும் இடங்களில், விற்பனை வரிப் பங்கிலிருந்து 10 டாலர் வைத்தால் 90 டாலர் வந்து சேரும்.

#14 தாமரைச்செல்வி

ரேஞ்சுக்கா? மணி சார், தற்கொலை எண்ணிக்கையைப் பார்த்த பிறகும் ரேஞ்ச் முன்னுரிமையா? சுடும் பயிற்சி நன்றாகத் தெரிந்தவரும் தன் வீட்டில் தன்னைச் சுட்டுக்கொள்கிறார்.

#15 சட்டமணி

முன்னுரிமை என்று சொல்லவில்லை. ரேஞ்சுதான் துப்பாக்கிக்காரர் வந்து நிற்கும் இடம். தற்காலிகமாகத் துப்பாக்கி வைக்க லாக்கர் அங்கே போட்டால் போலீஸ் நிலையத்துக்குப் போகத் தயங்குகிறவர் அங்கே வருவார். ரேஞ்ச் கட்டும் மத்தியப் பணத்தில் லாக்கரும் அடங்குமா என்று விண்ணப்பத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் லாக்கர் செலவை மாநில நிதியில் தனியாக வையுங்கள், கணக்கைக் கலக்காதீர்கள்.

#16 தாமரைச்செல்வி

லாக்கருக்கு என்றால் சரி.

மானியம் வழங்கும் முறையில் ஒன்று சேர்க்கிறேன். செலவழித்துவிட்டு ரசீது அனுப்பு, பிறகு பணம் தருகிறோம் என்பதுதான் மாநிலங்களின் வழக்கமான முறை. ரசீதுக்குப் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். சர்ச் அடித்தளத்தில் நான்கு பேர் நடத்தும் அமைப்பு அவ்வளவு நாள் சம்பளத்தைக் கையிலிருந்து போட முடியாது, விண்ணப்பிக்கவே மாட்டார்கள். கடைசியில் மானியம் எழுதத் தெரிந்த பெரிய அமைப்புக்கே போகும். தொடக்கத்தில் கால் பங்கு முன்பணம், மீதி மாத ரசீதுக்கு என்று எழுதினால் போதும். கால்விப் மானியம் பெறும் நகரங்கள் குறைந்தது பாதித் தொகையைச் சமூக அமைப்புகளுக்கோ போலீஸ் அல்லாத வன்முறைத் தடுப்புத் துறைகளுக்கோ கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வாசகம் இல்லாத இடத்தில் நகரம் போலீஸ் ஓவர்டைமில் கரைத்துவிடும்.

#17 வேலு_லான்சிங்

மிச்சிகனுக்கு இப்படி வரைந்து பார்க்கிறேன், திருத்துங்கள். விற்பனை வரியின் சட்டமன்றம் தொடக்கூடிய பகுதியிலிருந்து ஆண்டுக்கு 40 லட்சம் நிலையான தொகை, பொருள் வாரிக் கணக்கு வேண்டாம். அதில் 25 லட்சம் ஆட்களுக்கும் மருத்துவமனைப் பேச்சுக்கும், 10 லட்சம் பூட்டுக்கும் லாக்கருக்கும், 5 லட்சம் ரேஞ்சின் மாநிலப் பங்குக்கு. பூட்டுக்கு வரிவிலக்கு மறுபடி கொண்டுவந்தால் 500 டாலர் உச்சத்தோடு.

#18 கணக்குப்பிள்ளை

நிலையான தொகை என்பது சரி. ஆனால் "விற்பனை வரியிலிருந்து" என்பதோடு "துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மதிப்பீட்டு வரியை மிஞ்சாமல்" என்று ஒரு கூரையும் போடுங்கள். மதிப்பீட்டை யார், எந்தத் தரவில், எந்தத் தேதிக்குள் போட வேண்டும் என்பதும் வேண்டும், வர்ஜீனியா சர்வேயை வைத்துச் செய்வது போல. இல்லாவிட்டால் கமிட்டியில் முதல் கேள்வியே "தூண்டில் வாங்குகிறவன் எதற்குத் துப்பாக்கிப் பூட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும்" என்று வரும்.

விலக்குக்கு 500 டாலர் உச்சம் போட்டால் 501 டாலர் சேஃபுக்கு முழு வரியா, முதல் 500க்கு மட்டும் விலக்கா? எதுவானாலும் சிக்கல். பொருளின் விலையை வைத்து விலக்குக்கு வரம்பு போட மணி சார் சொன்ன ஒப்பந்தம் பொதுவாக இடம்கொடுப்பதில்லை, இரண்டாவது என்றால் கடைகளின் பில்லிங் மென்பொருளும் அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். உச்சம் இல்லாமல் எழுதுவதே பத்திரம்.